முள்ளுக்கு மேலே குண்டு

மையநோக்கு விசையை அளக்கும் கருவியில் மறைந்திருக்கும் பாகம் என்று எதுவும் கிடையாது. கனத்த அடித்தட்டு, அதன் நடுவில் பேரிங்கில் நிற்கும் செங்குத்தான தண்டு, தண்டின் தலையில் ஒரு குறுக்குக் கை. கையின் ஒரு முனையில் நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு, மறுமுனையில் அதற்கு ஈடாக எதிர் எடை. குண்டையும் தண்டையும் ஒரு சுருள்வில் இணைக்கிறது. அடித்தட்டில் நகர்த்தி வைக்கிற மாதிரி ஒரு முள். விரலால் தண்டைச் சுற்றினால் வில்லை இழுத்துக்கொண்டு குண்டு வெளியே விலகும். அதன் கூர்நுனி ஒவ்வொரு சுற்றிலும் முள்ளுக்கு நேர் மேலே கடக்கும் வேகத்தைப் பிடித்து, 50 சுற்றுக்கு ஆகும் நேரத்தை எடுக்க வேண்டும். பிறகு தண்டை நிறுத்திவிட்டு, குண்டில் நூலைக் கட்டிக் கப்பி வழியாக எடைத்தாங்கியைத் தொங்கவிட்டு, குண்டு அதே முள்ளுக்கு மேல் வந்து நிற்கும்வரை எடை போட வேண்டும். சுற்றும்போது கணக்கில் வந்த விசையும், நிற்கும்போது எடையில் வந்த விசையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை.

செய்முறைப் புத்தகத்தில் இது ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். கைக்கு வருவதற்குத்தான் நாள் பிடிக்கும். நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராகவே என் காலம் கழிந்திருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கும், பிராக்டிகலில் இந்தக் கருவி விழுந்ததும் முகம் வாடுகிற மாணவர்களுக்கும், எனக்குத் தெரிந்த அளவில் இதை எழுதுகிறேன். தெரிந்ததில் பாதிக்கு மேல், எனக்கு முன்னால் அந்த அறைச் சாவியை வைத்திருந்த அண்ணாச்சி சொல்லித் தந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பேரிங்கின் சத்தத்தைக் கேட்டே அதற்கு எண்ணெய் வேண்டுமா, மண்ணெண்ணெய்க் கழுவல் வேண்டுமா என்று சொல்லிவிடுவார்.

முதலில் மட்டம் பார்க்க வேண்டும். ஸ்பிரிட் லெவலை அடித்தட்டில் வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதென்று திருப்திப்பட்டுவிடுவது எல்லோருக்கும் வழக்கம். தட்டு லேசாக வளைந்திருந்தாலும், அடியில் பெயிண்ட் பொருக்கு கிடந்தாலும் குமிழி சரியாகத்தான் நிற்கும்; தண்டு மட்டும் சாய்ந்திருக்கும். அண்ணாச்சி எதிர் எடையைக் கழற்றிக் கீழே வைத்துவிடுவார். இப்போது கையின் ஒரு பக்கம் மட்டுமே கனம். தண்டை மெதுவாகத் திருப்பி நான்கு திசையிலும் நிறுத்தி நிறுத்தி விடுவார். தண்டு சாய்ந்திருந்தால் கை தானாக ஒரு பக்கம் போய் நிற்கும்; அந்தப் பக்கம் பள்ளம் என்று பொருள். கால் திருகைத் திருகித் திருகி, கை விட்ட இடத்திலேயே நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் எதிர் எடையைத் திரும்ப மாட்டுவார். இதற்கு ஸ்பிரிட் லெவலே வேண்டாம். கருவியின் கனமே தன் மட்டத்தைச் சொல்லிவிடுகிறது.

அடுத்து ஆரம். தண்டின் மையத்திலிருந்து முள்ளின் நுனிவரை உள்ள தொலைவு அது. தண்டின் மையத்தில் ஸ்கேலை வைக்க முடியாது என்பதால், மாணவர்கள் தண்டின் விளிம்பிலிருந்து அளந்து அதையே ஆரம் என்று எழுதிவிடுகிறார்கள். எங்கள் தண்டின் விட்டம் 1.2 செ.மீ. ஆரம் 16 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 15.4 என்று எழுதினால் நூற்றுக்கு நான்கு போல அங்கேயே போய்விடும். விளிம்பிலிருந்து முள்வரை அளந்துகொள்ளுங்கள். தண்டின் விட்டத்தை வெர்னியரில் எடுத்துப் பாதியைக் கூட்டுங்கள். முள்ளின் நுனி மொண்ணையாக இருந்தால் எந்தப் புள்ளிக்கு மேல் குண்டு கடக்க வேண்டும் என்பதே குழப்பமாகிவிடும். பருவத் தொடக்கத்தில் அதை ஒரு தடவை அரம் போட்டுக் கூராக்கி வைப்பது ஆய்வக உதவியாளரின் கடமை.

வில்லைக் கழற்றிவிட்டால் குண்டு நூலில் நேராகத் தொங்கும். அந்த இடத்திலேயே முள்ளுக்கு நேர் மேலே வரும்படி குறுக்குக் கையை நகர்த்தித் திருகை இறுக்க வேண்டும் என்று செய்முறைப் புத்தகம் சொல்கிறது. ஏன் என்று கேட்டால் பலரும் சொல்வதில்லை. நூல் சாய்ந்திருந்தால் அதன் இழுவிசையில் ஒரு பங்கு கிடைமட்டமாக வேலை செய்யும். வட்டத்தில் குண்டைப் பிடித்து வைத்திருப்பது வில் மட்டுமே என்று சொல்ல முடியாமல் போகும். இதில் இன்னொன்றும் உண்டு. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நம் இரண்டு விடைகளும் ஒத்தே வரும். சுற்றும்போது அந்தச் சாய்வு எவ்வளவு உதவியதோ, நிறுத்தி எடை போடும்போதும் அவ்வளவே உதவும். குண்டு இருக்கும் இடம் இரண்டு தடவையும் ஒன்றுதானே. ஆகவே விடைகள் ஒத்துவிட்டன என்பதை மட்டும் வைத்து நூல் நேராக இருந்தது என்று முடிவுகட்டாதீர்கள். கண்ணால் பாருங்கள்.

இனி விரல். தண்டின் கீழ்ப் பகுதியில் பிடிக்காக நர்லிங் போட்டிருப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அதை இறுகப் பிடித்து மணிக்கட்டோடு முறுக்குவார்கள். ஒரு முறுக்கில் குண்டு முள்ளைத் தாண்டி எங்கோ போகும், அடுத்த முறுக்குக்குள் தளர்ந்து உள்ளே வந்துவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இந்த மூன்றும் போதும். விளக்குத் திரி திரிப்பது போல, தோல் மட்டும் உராய்ந்து விலக வேண்டும். முதலில் நாலைந்து தடவை திரித்து வேகத்தை ஏற்றுங்கள். குண்டு முள்ளை நெருங்கியதும் ஒரு சுற்றுக்கு ஒரு தொடுதல், பேரிங் நல்ல நிலையில் இருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு தொடுதல். உராய்வில் எவ்வளவு வேகம் குறைகிறதோ அதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

கண்ணை முள்ளின் நுனி மட்டத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள். நின்றபடி மேலிருந்து பார்த்தால் குண்டு எங்கே கடக்கிறதென்று ஒருநாளும் தெரியாது. முள்ளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி வையுங்கள். குண்டின் நுனிக்கும் முள்ளின் நுனிக்கும் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். வெள்ளைப் பின்னணியில் மேலே ஒரு கறுப்பு நுனி வந்து வந்து போகும், கீழே ஒரு கறுப்பு நுனி அசையாமல் நிற்கும். இரண்டும் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். எங்கள் வில்லில் வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் குண்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வெளியே போகும். அப்படியென்றால் ஒரு மில்லிமீட்டர் விலகலைப் பிடிக்கத் தெரிந்த கண், வேகத்தில் அரை சதவீத மாற்றத்தைப் பிடித்துவிடுகிறது. விலையுயர்ந்த மீட்டர் எதுவும் இல்லாமலே இது கிடைக்கிறது. அண்ணாச்சி சுற்றும்போது அந்த இரண்டு நுனிகளும் நூல் பிடித்த மாதிரி நிற்கும். பக்கத்தில் நின்று அவர் விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். விரல் எப்போது தண்டைத் தொட்டது என்பதே தெரியாது. “ஏல, குண்டப் பாரு. வெரலு தானா கத்துக்கிடும்” என்பார். அது உண்மைதான். விரலைக் கவனித்துக்கொண்டு சுற்றுகிறவர்களுக்கு வேகம் நிற்பதில்லை.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் ஜன்னல்களை அடித்துத் திறந்துவிடும். அப்போது இந்தக் கருவியை உள்பக்க மேஜைக்கு மாற்றிவிடுவோம். மின்விசிறிக்கும் அதே விதிதான். வேர்த்தாலும் அணைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும்.

எண்ணுவது சுற்றுபவரின் வேலை அல்ல. ஜோடியில் இன்னொருவர் எண்ணி நேரம் எடுக்க வேண்டும். ஸ்டாப் வாட்சை அழுத்தும்போது வாய் “சுழி” என்று சொல்ல வேண்டும். “ஒன்று” என்று தொடங்கினால் ஐம்பது என்று முடிக்கும்போது நடந்திருப்பது 49 சுற்று. நேரத்தில் நூற்றுக்கு இரண்டு பிசகு, வர்க்கத்தில் போவதால் விசையில் நான்காகும். சுற்றுக்கு 0.7 விநாடி என்கிற வேகத்தில் “முப்பத்தேழு, முப்பத்தெட்டு” என்று வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் குண்டு கடந்துவிடும். ஆகவே பத்துவரை எண்ணுங்கள், ஒரு விரலை மடக்குங்கள், மறுபடி ஒன்றிலிருந்து. ஐந்து விரலும் மடங்கியதும் வாட்சை நிறுத்துங்கள். 10 சுற்றோடு முடித்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கை அழுத்துவதில் 0.2 விநாடி முன்பின் ஆவது சகஜம். 7 விநாடியில் அது விசையை நூற்றுக்கு ஆறு அளவுக்குத் தள்ளிவிடும், 35 விநாடியில் ஒன்று சொச்சத்தோடு நிற்கும்.

எங்கள் கருவியில் வழக்கமாக வரும் ரீடிங்கையே எடுத்துக்கொள்வோம். குண்டு 450 கிராம், ஆரம் 16 செ.மீ., 50 சுற்றுக்கு 35 விநாடி. நான்கு பை வர்க்கத்தை நிறையாலும் ஆரத்தாலும் பெருக்கி, சுற்றுநேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 5.80 நியூட்டன் வருகிறது.

நிறுத்தி எடை போடுவது சுலபமான பாதி என்று நினைத்து அவசரப்படுகிறார்கள். குண்டிலிருந்து கப்பிக்குப் போகும் நூல் கிடைமட்டமாக இருக்க வேண்டும். கப்பி உயரமாக இருந்தால் நூல் குண்டைத் தூக்கவும் செய்யும். அடுத்தது கப்பியின் உராய்வு. எடையை ஏற்றிக்கொண்டே போனால் குண்டு முள்ளுக்கு வரும் எடை ஒன்று, கூடுதலாக ஏற்றிவிட்டு இறக்கிக்கொண்டே வந்தால் வேறொன்று. எங்கள் கப்பியில் ஏறும்போது 610 கிராம், இறங்கும்போது 594. இரண்டையும் எடுத்துச் சராசரி போடுங்கள்: 602 கிராம், அதாவது 5.90 நியூட்டன். எடைத்தாங்கியின் சொந்த எடையைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு எடை போட்ட பிறகும் விரல் நகத்தால் கப்பிச் சட்டத்தில் ஒரு தட்டு தட்டினால் சிக்கி நிற்கிற குண்டு தன் இடத்துக்குப் போய்ச் சேரும்.

5.80, 5.90. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு மாணவிகள் ஒரு பருவம் முழுக்க இந்தக் கருவியோடு மல்லுக்கட்டினார்கள். இருவரும் நிதானமானவர்கள், விரலும் நன்றாகப் பழகியிருந்தது. எத்தனை தடவை செய்தாலும் சுற்றிக் கிடைத்த விசை, எடையில் கிடைத்ததைவிட நூற்றுக்கு இரண்டு அளவில் குறைவாகவே வந்தது. கைப்பிசகு என்றால் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறதென்றால் காரணம் கருவிக்குள் இருக்கிறது. அண்ணாச்சி எதுவும் பேசாமல் வில்லைக் கழற்றித் தராசில் வைத்தார். 24 கிராம். “தாயி, இதுவும் கூடத்தானே சுத்துது?” என்றார். வில்லின் தண்டுப் பக்க முனை சுற்றும் மையத்தில் இருக்கிறது, குண்டுப் பக்க முனை முழு ஆரத்தில் சுற்றுகிறது. இடையிலுள்ள ஒவ்வொரு சுருளையும் வட்டத்தில் பிடித்து வைக்கவும் இழுவிசை செலவாகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வில்லின் நிறையில் மூன்றில் ஒரு பங்கைக் குண்டின் நிறையோடு சேர்க்க வேண்டும் என்று வரும். அந்தக் கணக்கைப் பேராசிரியர் கரும்பலகையில் நிறுவிக் காட்டினார். 8 கிராம் சேர்த்து 458 என்று வைத்தால் விசை 5.90. இரண்டும் ஒத்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் தங்கள் ரெக்கார்டு நோட்டில் முதலில் எடுத்த ரீடிங்குகளை அடிக்காமல் அப்படியே வைத்து, கீழே திருத்தத்தை எழுதியிருந்தார்கள். இன்றும் புதியவர்களுக்கு நான் எடுத்துக் காட்டுவது அந்த மாதிரி நோட்டைத்தான்.

இந்தக் கருவியின் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வில்லின் மாறிலி நமக்குத் தேவையே இல்லை. வில் பழசாகித் தொய்ந்தாலும், மாற்றி வேறொன்று போட்டாலும், சுற்றும்போதும் நிற்கும்போதும் அதே வில் அதே நீளத்துக்கு இழுபடுகிறது. அதனால்தான் இரண்டு பாதியையும் ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும் என்கிறேன். இன்று சுற்றிவிட்டு எடையை அடுத்த வாரம் போடலாம் என்றால், நடுவில் வேறொரு ஜோடி முள்ளை நகர்த்தியிருக்கும்.

குண்டின் மேல் 100 கிராம் தட்டு ஒன்றைக் கூடுதலாக மாட்டச் சொல்வோம். இப்போது நிறுத்தி வைத்துப் போடும் எடை எவ்வளவு மாறும் என்று கேட்டால், பெரும்பாலோர் கூடும் என்பார்கள். மாறாது. முள் அதே இடத்தில் இருக்கிறது, வில்லும் அதே நீளம்தான் இழுபடுகிறது. மாறுவது வேகம். 50 சுற்றுக்கு 35 விநாடியாக இருந்தது 38.6 ஆகும். கனத்த குண்டை அதே விசையால் அதே வட்டத்தில் மெதுவாகத்தான் சுற்ற முடியும். இதைச் செய்து பார்த்த பிறகு அந்தச் சூத்திரம் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

ஒரு வருடம் ஒரு ஜோடியின் ரீடிங்குகள் எல்லாம் மூன்றாம் தசமம்வரை ஒத்துப் போயின. எடையைப் போட்டுவிட்டு அதிலிருந்து நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்தது. அண்ணாச்சி அவர்களைத் திட்டவில்லை, துறைத்தலைவரிடம் சொல்லவும் இல்லை. லேத் பட்டறையில் கொடுத்து உள்ளே குடைந்து மூடி போட்ட ஒரு குண்டு செய்துவந்தார். ஈய ரவை கொஞ்சம் உள்ளே போட்டு மூடியை இறுக்கி, “இதுக்குள்ள எம்புட்டு கனம்னு தராசத் தொடாம சொல்லுங்க பாப்போம்” என்று அந்தப் பையன்களிடம் கொடுத்தார். விசையும் ஆரமும் நேரமும் இருந்தால் நிறை வந்துவிடும். ஆனால் நேரத்தை உண்மையிலேயே எடுத்தாக வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போட வழி கிடையாது. மாலை வரைக்கும் சுற்றினார்கள். அவர்கள் சொன்ன விடை தராசு காட்டியதற்கு மிக அருகில் இருந்தது. அன்றிலிருந்து அந்தக் குண்டு எங்கள் அலமாரியில் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ரவையை மாற்றி வைக்கிறேன்.

பள்ளிகளில் இவ்வளவு பெரிய கருவி இருக்காது. அங்கே ஒரு கண்ணாடிக் குழாய், தூண்டில் நரம்பு, ரப்பர் அடைப்பான், கீழே கொஞ்சம் வாஷர்கள் இருந்தால் போதும். தலைக்கு மேல் அடைப்பானைச் சுற்ற, வாஷர்களின் எடை குழாய் வழியாக நரம்பை இழுத்துப் பிடிக்கும். குழாய்க்கு 1 செ.மீ. கீழே நரம்பில் ஒரு கிளிப்பை மாட்டி, அது ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொண்டால் ஆரம் மாறாது. 20 கிராம் அடைப்பான், 80 செ.மீ. நரம்பு, 100 கிராம் வாஷர் என்றால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.8 விநாடி. நரம்பு கிடைமட்டமாக இல்லையே, 11 டிகிரிக்கு மேல் தாழ்ந்து சாய்ந்திருக்கிறதே என்று ஆசிரியர்கள் சிலர் கவலைப்படுவதுண்டு. சாய்ந்த நரம்பின் நீளத்தையே ஆரமாக வைத்து, வாஷர் எடையை அப்படியே விசையாக வைத்தால் கணக்கு சரியாக வரும். சாய்வால் ஆரம் குறைகிற அதே விகிதத்தில்தான் உள்நோக்கிய இழுவையும் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். இது கூம்பு ஊசலேதான். ஹைகன்ஸ் 1673இல் வெளியிட்ட ஊசல் கடிகார நூலின் கடைசியில் இதன் விதிகளையும் தந்திருக்கிறார். உண்மையில் கவலைப்பட வேண்டியது குழாயின் விளிம்பைப் பற்றி. வெட்டிய கண்ணாடி நரம்பை அறுக்கும், உராய்வும் அங்கேதான். பர்னர் தீயில் காட்டி விளிம்பை உருட்டி மழுங்க வைத்துவிட்டு, குழாயைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுங்கள். நரம்பு அறுந்தால் அடைப்பான் தொடுகோட்டில் பறக்கும், அது எந்தத் திசை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது சுற்றும் உயரத்தில் யாருடைய முகமும் இருக்கக் கூடாது.

இப்போது கைப்பேசியிலேயே இதைச் செய்கிறார்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்கிற செயலி, கைப்பேசிக்குள் இருக்கும் உணரிகளைக் கொண்டு கோணத் திசைவேகத்தையும் முடுக்கத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து வரைபடம் போட்டுவிடுகிறது. சுழல் மேஜையில் கைப்பேசியைக் கட்டிச் சுற்றிப் பார்த்தோம். கோணத் திசைவேகத்தின் வர்க்கத்துக்கு எதிரே முடுக்கத்தை வரைந்தால் நேர்கோடு, அதன் சாய்வுதான் ஆரம். அந்த ஆரத்தை வைத்து, கைப்பேசிக்குள் உணரி எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம். நல்ல கருவி. அதையும் செய்யுங்கள். ஆனால் தண்டையும் ஒரு தடவை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு அதற்குப் போங்கள்.

கடைசியாக, பராமரிப்பு. வகுப்பு முடிந்ததும் வில்லைக் கழற்றி ஆணியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள், குண்டோடு சேர்த்து இழுபட்ட நிலையில் விடாதீர்கள். பேரிங்கில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். அதிகம் விட்டால் தூசி சேர்ந்து பசையாகும், பிறகு மண்ணெண்ணெயில் கழுவ வேண்டிவரும். நர்லிங்கில் எண்ணெய் படக் கூடாது, விரல் வழுக்கும். குண்டு தொங்கும் நூலைப் பருவத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுங்கள். குறுக்குக் கையின் திருகை ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் இறுக்கிப் பாருங்கள். கோடை விடுமுறைக்குப் பூட்டும் முன் தண்டில் லேசாக வாஸ்லின் தடவி, பழைய வேட்டித் துணியால் மூடி வையுங்கள். ஜூனில் திறந்ததும் அதைத் துடைத்து எடுத்துவிட்டு, எதிர் எடையைக் கழற்றி மறுபடி மட்டம் பாருங்கள்.